பக்கத்துக் கட்டிலில் படுக்க மாட்டோம் என்றவர்கள்

2019 ஜனவரி 10. டெல்லியில் ராணுவத் தலைமைத் தளபதியின் வருடாந்திரப் பத்திரிகையாளர் சந்திப்பு. வயதுவந்த இருவர் விரும்பிக் கொள்ளும் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ராணுவத்தில் இனி எப்படி என்று செய்தியாளர்கள் கேட்டார்கள். ராணுவம் பழமையைப் பேணும் அமைப்பு, நாங்கள் நவீனமாகவும் ஆகவில்லை, மேற்கத்தியமாகவும் ஆகவில்லை, இதை உள்ளே அனுமதிக்க மாட்டோம் என்று ஜெனரல் பிபின் ராவத் பதில் சொன்னார்.

தோழர்களே, இந்தப் பதிலை நாம் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறோம். அப்போது இதைச் சொன்னவர்கள் வெள்ளைக்காரத் தளபதிகள். சொல்லப்பட்டது நம்மைப் பற்றி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகர்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள். சென்னைப் படையில் பறையர்கள் இருந்தார்கள். கம்பெனிக்குக் கோட்டை பிடித்துக் கொடுத்ததில் இந்த இரு சமூகங்களுக்கும் பங்குண்டு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு யாரைப் படையில் சேர்ப்பது என்ற கணக்கு மாறியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தளபதியாக இருந்த பிரடெரிக் ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரன் சண்டைக்கு லாயக்கற்றவன் என்று முடிவு கட்டினார். அவரே அடுத்து இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி ஆனார். 'போர்க்குடி' என்ற கோட்பாடு படையின் கொள்கையானது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. மேல்சாதிச் சிப்பாய் ஒரு மகர் ஹவில்தாரின் கட்டளைக்குக் கீழ்ப்படிய மாட்டான், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான், ஆகவே படையின் ஒற்றுமை கெடும் என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். பாகுபாடு காட்டுகிறவன் உள்ளே இருப்பான். காட்டப்படுகிறவன் வெளியே போக வேண்டும்.

ஓய்வுபெற்ற படைவீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் இதை எதிர்த்து விண்ணப்பம் எழுதினார். மோவ் ராணுவப் பாளையத்தில் 1891-இல் பிறந்த அம்பேத்கரின் தந்தை ராம்ஜி, சுபேதாராக இருந்தவர், ராணுவப் பள்ளியில் ஆசிரியர். அவர் தலைமுறையோடு அந்தக் கதவு மூடப்பட்டது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917-இல் மகர்களுக்கென்று ஒரு பட்டாளம் எழுப்பினார்கள். போர் முடிந்தது. 1921-இல் கலைத்தார்கள். அடுத்த போர் வந்ததும் 1941 அக்டோபரில் மறுபடி மகர் ரெஜிமெண்ட். 1943-இல் சமார் ரெஜிமெண்ட், 1946-இல் அதுவும் கலைப்பு. சாவதற்கு ஆள் தேவைப்படும்போது தீட்டு இல்லை. சம்பளமும் பென்ஷனும் கொடுக்கும் காலத்தில் மட்டும் 'படையின் ஒற்றுமை' நினைவுக்கு வந்துவிடும்.

இந்த வரலாற்றைத் தேவனூர் நாட்டில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சொன்னபோது தம்பிகள் ஆர்வமாகக் கேட்டார்கள். அவர்களில் சிலர் அக்னிவீர் தேர்வுக்காக விடியற்காலையில் மலைச்சாலையில் 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகுகிறவர்கள். பேச்சு தன்பாலீர்ப்பாளர்கள் பக்கம் திரும்பியதும் ஒரு தம்பி கேட்டான்: "நமக்கே இன்னும் முழுசா எடம் கெடைக்கல. இதுல அவங்களுக்கு வேற நாம பேசணுமாண்ணா? அதெல்லாம் பெரிய எடத்துப் பசங்க சமாச்சாரம்." அவனைச் சிலர் முறைத்தார்கள். முறைக்க வேண்டியதில்லை, கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை ஒரு கறுப்பினச் சிப்பாயிடமிருந்து தொடங்குவோம்.

பெரி வாட்கின்ஸ். 1967-இல் வியட்நாம் போருக்காக அமெரிக்காவில் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது 19. மருத்துவப் படிவத்தில் தன்பாலீர்ப்பு உண்டா என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறித்தார். மறைக்கவில்லை. சட்டப்படி அவரைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். போருக்கு ஆள் வேண்டும், அதுவும் கறுப்பு இளைஞன். எடுத்துக்கொண்டார்கள். தன்னைப் பற்றிய உண்மையை அவர் ஒருபோதும் ஒளிக்கவில்லை. மேலதிகாரிகள் நல்ல வேலைக்காரர் என்றே எழுதினார்கள். மறுபடி மறுபடி பணியை நீட்டித்தார்கள். 16 ஆண்டுகள் வேலை வாங்கிவிட்டு, பென்ஷனுக்கு நான்கு ஆண்டு இருக்கையில், 1984-இல் தன்பாலீர்ப்பாளர் என்ற காரணம் காட்டி வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். இத்தனை காலம் தெரிந்தே வைத்திருந்துவிட்டு இப்போது அதையே குற்றமாக்க முடியாது என்று 1989-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 1990-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. 1917-இல் சேர்த்து 1921-இல் கலைத்த அதே கணக்கு இது. வாட்கின்ஸ் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல.

அமெரிக்க ராணுவம் வெள்ளையரையும் கறுப்பரையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருந்த ராணுவம். 1948 ஜூலை 26 அன்று ஜனாதிபதி ட்ரூமன் ஓர் ஆணை மூலம் அதை முடித்து வைத்தார். வெள்ளைச் சிப்பாய் கறுப்பன் பக்கத்துக் கட்டிலில் படுக்க மாட்டான் என்று அப்போதும் தளபதிகள் சொன்னார்கள். ஆணை வந்தது, படுத்தார்கள். ஆனால் ஒரே கூடத்தில் படுப்பது வேறு, ஒருவனை மனிதனாக நடத்துவது வேறு. பதவி உயர்வில், தண்டனையில், மெஸ்ஸில் பேசும் பேச்சில் நிறவெறி அப்படியே இருந்தது. 1971 மே மாதம் கலிபோர்னியாவின் ட்ராவிஸ் விமானப்படைத் தளத்தில் பெரும் கலவரம் வெடித்தது. அதே ஆண்டு புளோரிடாவில் இன உறவுப் பயிற்சி நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பயிற்றுநர்கள் முகாம்களுக்குப் போய் வகுப்பெடுக்க வேண்டும். படையில் இருக்கும் ஒவ்வொருவரும் வகுப்பில் உட்கார வேண்டும். விருப்பம் இருந்தால் வா என்ற பேச்சில்லை, துப்பாக்கிப் பயிற்சி போல அதுவும் கட்டாயம்.

அந்த வகுப்பை எடுத்தவர்களில் ஒருவர் லெனர்ட் மாட்லோவிச். விமானப்படை சார்ஜென்ட், விமானப்படைக்காரரின் மகன், வெள்ளையர். வியட்நாமுக்கு மூன்று முறை போனவர், கண்ணிவெடியில் படுகாயம் பட்டவர், வீரத்துக்கும் காயத்துக்கும் பதக்கங்கள் வாங்கியவர். கறுப்பர்களைப் பற்றித் தான் சிறுவயதிலிருந்து சுமந்துவந்த வெறுப்பை உணர்ந்த பிறகு, தானாக முன்வந்து இன உறவு வகுப்பு எடுக்கத் தொடங்கினார். நன்றாக எடுத்தார் என்று பெயரும் வாங்கினார். நிறத்தைக் காரணம் காட்டி ஒருவனை ஒதுக்குவது ஏன் தவறு என்று நாள்தோறும் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் மனிதன், தன்னைப் பற்றிய உண்மையை எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்? 1975 மார்ச்சில், தான் தன்பாலீர்ப்பாளன், தொடர்ந்து படையில் இருக்க விரும்புகிறேன் என்று கடிதம் எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். அந்த அதிகாரி ஒரு கறுப்பினக் கேப்டன். இதற்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்பான பிரவுன் வழக்கின் பெயரைச் சொன்னார் மாட்லோவிச்: இது அதுதான் என்று. அந்தக் கேப்டனுக்கு வேறு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

அந்த ஆண்டு செப்டம்பரில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்தது. அக்டோபரில் வேலையை விட்டு அனுப்பினார்கள். 1988-இல் இறந்தார். இரண்டு ஆண்களைக் கொன்றதற்குப் பதக்கம் கொடுத்தார்கள், ஓர் ஆணை நேசித்ததற்கு வேலையைப் பறித்தார்கள் என்பது அவர் கல்லறையில் உள்ள வாசகத்தின் பொருள்.

நமக்கு இதில் முக்கியமானது வேறொன்று. நிறவெறிக்கு எதிராகக் கறுப்பர்கள் சண்டையிட்டு வாங்கிய வகுப்பறை அது. அதற்குள் நுழைந்த ஒரு வெள்ளைக்காரருக்கு, தன் விடுதலையைப் பேசும் சொற்களும் அங்கேதான் கிடைத்தன. ஒருவருக்காகத் திறக்கும் கதவு அடுத்தவருக்கும் வழிவிடுகிறது. அந்தத் தம்பிக்கு நாங்கள் சொன்ன பதிலில் பாதி இது. மீதிப் பாதிக்குப் பின்னால் வருகிறோம்.

1993-இல் அமெரிக்கா ஒரு விசித்திரமான சட்டம் போட்டது. நாங்கள் கேட்க மாட்டோம், நீ சொல்லாதே. சொன்னால் வெளியே. அந்தச் சட்டம் இருந்த காலத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். சாதியை மறைத்துக்கொண்டு நகரத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு எப்படி இருந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. எவன் எப்போது காட்டிக்கொடுப்பான் என்று பயந்துகொண்டே நல்லவனாக இருக்க வேண்டும்.

1999 ஜூலை 5, கென்டக்கியில் உள்ள போர்ட் கேம்ப்பெல் முகாம். பாரி வின்செல் என்ற 21 வயதுச் சிப்பாய் தூங்கிக்கொண்டிருந்தபோது சக சிப்பாய் ஒருவன் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றான். அதற்கு முன் பல மாதங்களாக வின்செலைக் கேலி செய்து துன்புறுத்தியிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் தடுக்கவில்லை. கொலைக்குப் பிறகு பாதுகாப்புத் துறை தன் படைகளிடமே கணக்கெடுத்தது. 71,000-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டதில், 80 சதவீதம் பேர் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் பேச்சை முகாமில் கேட்டிருந்தார்கள். 37 சதவீதம் பேர் துன்புறுத்தலை நேரில் பார்த்தோ அனுபவித்தோ இருந்தார்கள். பயிற்சி என்ற பேச்சே பலருக்குப் போய்ச் சேரவில்லை. சொன்னால் வேலை போகும் என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு துன்புறுத்தாதே என்று வகுப்பு எடுத்தால் எவன் புகார் கொடுப்பான்? பயிற்சியால் மட்டும் எதுவும் ஆகாது என்பதற்கு அந்தப் பத்தாண்டே சாட்சி.

2010-இல் சட்டத்தை நீக்குவது என்று முடிவாகும் முன் மீண்டும் ஒரு கணக்கெடுப்பு. 1,15,000 பேர் பதில் எழுதினார்கள். நீக்கினால் நன்மை, அல்லது நன்மையும் தீமையும் கலந்திருக்கும், அல்லது பாதிப்பே இராது என்றவர்கள் 70 சதவீதம். ஆனால் கடற்படைக் காலாட்படையான மரைன்களின் போர்ப்பிரிவுகளில் பாதிக்கும் மேலானோர் தீமைதான் என்றார்கள். இதைப் பிடித்துக்கொண்டு மரைன் தளபதி ஜேம்ஸ் அமோஸ் நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். இதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் உண்டு. தன்பாலீர்ப்பாளர் என்று தாங்கள் கருதிய ஒருவரோடு ஏற்கெனவே வேலை செய்தவர்களில் 92 சதவீதம் பேர், தங்கள் பிரிவு ஒன்றாக வேலை செய்வதில் குறை எதுவும் சொல்லவில்லை. பயந்தவர்கள் பழகாதவர்கள்.

அடுத்து நடந்ததுதான் நாம் படிக்க வேண்டிய பாடம். 2010 டிசம்பர் 22-இல் கையெழுத்தான சட்டம் 2011 செப்டம்பர் 20-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் படையினரை வகுப்பில் உட்கார வைத்தார்கள். முதலில் சட்ட அதிகாரிகள், மருத்துவர்கள், மதகுருமார். பிறகு தளபதிகள். கடைசியாக ஒவ்வொரு சிப்பாயும். வகுப்பில் புரட்சி எதுவும் பேசப்படவில்லை. கணினித் திரையில் சில பக்கங்கள், சில 'இப்படி நடந்தால் என்ன செய்வாய்' கதைகள். விடுமுறை நாளில் கடைத்தெருவில் இரண்டு ஆண் வீரர்கள் முத்தமிட்டுக்கொள்வதைப் பார்க்கிறாய், என்ன செய்வாய்? ஓர் ஆணும் பெண்ணும் என்றால் என்ன செய்வாயோ அதையே செய். அவ்வளவுதான். உன் மத நம்பிக்கையை மாற்றச் சொல்லவில்லை, உன் மனதுக்குள் நாங்கள் வரவில்லை, உன் நடத்தை மட்டும் எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று வகுப்பு சொன்னது. எதிர்த்துப் பேசிய அதே ஜேம்ஸ் அமோஸ், சட்டம் வந்ததும் இனி இதுதான் கட்டளை என்று மரைன்களுக்குச் சொன்னார். சில மாதம் கழித்து, பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இதைச் சப்பையான பயிற்சி என்று நம்மில் சிலர் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஆதிக்க சாதிக்காரனின் மனம் திருந்தட்டும் என்று காத்திருக்கவில்லை. சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் சிறை என்றது. மனம் மாறுவது அவன் பாடு. வாயும் கையும் அடங்க வேண்டியது அரசின் வேலை. கட்டாயம் என்பது ஏன் முக்கியம் என்றால், விருப்பப் பயிற்சிக்கு வருகிறவன் ஏற்கெனவே நல்லவனாக இருப்பான். வராதவனுக்குத்தான் அது தேவை.

பிரிட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும், நம்முடைய 377-ஐயும் ராணுவச் சட்டத்தின் அச்சையும் கொடுத்தவர்கள் அவர்கள்தானே. தன்பாலீர்ப்பாளர் என்று துருவித் துருவி விசாரித்து வேலையை விட்டு நீக்கப்பட்ட நால்வர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் வீரர்களிடம் கேட்டோம், அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்றது பிரிட்டிஷ் அரசு. 1999 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை இனப் பாகுபாட்டோடு நேராக ஒப்பிட்டது: வேறு இனத்தவர் மீதும் நிறத்தவர் மீதும் பெரும்பான்மை வெறுப்புக் காட்டினால் அதை நியாயமாக ஏற்போமா? ஏற்க மாட்டோம் என்றால் இதையும் ஏற்க முடியாது. 2000 ஜனவரியில் தடை போனது. 2023 ஜூலையில் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் தந்த கோட்டை அவர்களே கழற்றிப் போட்டுவிட்டார்கள். நாம் அதை நம் பண்பாடு என்று போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

இங்கே நிலைமை என்ன? 377 இப்போது புத்தகத்திலேயே இல்லை. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் அந்தப் பிரிவு முழுவதுமாகக் காணாமல் போய்விட்டது. (ஆண்களுக்கு எதிரான பாலியல் வன்முறைக்கு இருந்த ஒரே பிரிவும் அதோடு போயிற்று. அது தனியாகப் பேச வேண்டிய கேடு.) ஆனால் 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறை என்று இன்னும் சொல்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் சுருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. ஒழுங்கைக் காக்கத்தான் அந்த அனுமதி. வெறுப்பைக் காக்க அல்ல.

11 ஆண்டுகளுக்கு மேல் அதிகாரியாக இருந்துவிட்டு 2010-இல் விலகிய மேஜர் ஜே.சுரேஷ், தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2020-இல்தான் வெளிப்படையாக எழுத முடிந்தது. அவர் கதையால் உந்தப்பட்டு இயக்குநர் ஓனிர் எழுதிய திரைக்கதைக்கு 2022 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அனுமதி மறுத்தது. காஷ்மீரில் பணிபுரியும் வீரனுக்கும் உள்ளூர் இளைஞனுக்கும் காதல் என்று காட்டுவது ராணுவத்தின் பெயரைக் கெடுக்கும் என்று நாடாளுமன்றத்தில் விளக்கமும் வந்தது. 2010-இல் கடற்படையில் சேர்ந்த சாபி கிரி, பெண்ணாக மாறியதற்காக 2017 அக்டோபரில் நீக்கப்பட்டார். அவர் சேவை இனித் தேவையில்லை என்றது கடற்படை. நிஜத்திலும் இருக்கக் கூடாது, கதையிலும் இருக்கக் கூடாது.

ராணுவத்தில் முடியாது என்பவர்கள் தமிழ்நாட்டுக் காவல்துறையைப் பார்க்கலாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இதுபற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனார். நாற்காலியில் இருப்பவர் மாணவராக உட்கார்ந்தார். 2021 ஜூன் 7 அன்று காவல்துறை, நீதித்துறை, பள்ளி, சிறை என்று எல்லா இடத்திலும் பயிற்சி நடத்த ஆணையிட்டார். பயிற்சி தொடங்கிய பிறகும் போலீஸ் தொல்லை ஓயவில்லை என்று புகார் வந்தது. அப்படியானால் நடத்தை விதியில் எழுதுங்கள் என்றார். 2022-இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையோ அவர்களுக்காகப் பணிசெய்வோரையோ துன்புறுத்தும் காவலர்மீது நடவடிக்கை எடுக்கலாம். போர்ட் கேம்ப்பெல்லில் இல்லாதது இதுதான். வகுப்பு, அதன் பின்னால் ஒரு விதி, விதியை எடுத்து நீட்ட ஒரு மேலதிகாரி. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் காகிதம். அமெரிக்காவிலேயே 2025 ஜனவரியில் புதிய ஜனாதிபதி ஒரே நாளில் இரண்டு ஆணை போட்டு, ராணுவத்தின் சமத்துவத் திட்டங்களை மூடவும் திருநர் வீரர்களை வெளியேற்றவும் வழி செய்தார். மேலே இருப்பவர் மாறினால் வகுப்பறைக்கும் பூட்டு விழும்.

அந்தத் தம்பிக்குச் சொன்ன பதிலின் மீதிப் பாதி இது. நாளைக்கு அவன் தேர்வாகிப் பயிற்சி மையத்துக்குப் போவான். மலையிலிருந்து வந்தவன், பழங்குடி, தமிழ் மட்டும் தெரிந்தவன் என்று யாராவது கேலி பேசினால், கேலி பேசுகிறவனைக் கட்டாயமாக உட்கார வைத்துப் பேச ஒரு வகுப்பு அங்கே இருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒரே வகுப்பில்தான் சாதியும் பேசப்படும், தன்பாலீர்ப்பும் பேசப்படும். நமக்கு மட்டும் தனி வகுப்பு கேட்டு வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. தம்பி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் என்றான்.

2018 செப்டம்பர் 6 தீர்ப்பில் நீதிபதி ரோகிண்டன் நாரிமன் எழுதிய பகுதியை மாணவர்கள் எடுத்துப் படிக்க வேண்டும். தீர்ப்பை ஒன்றிய அரசு பரவலாக விளம்பரப்படுத்த வேண்டும், ஒன்றிய, மாநில அரசுகளின் எல்லா அலுவலர்களுக்கும், குறிப்பாகக் காவல்துறையினருக்கு, அவ்வப்போது உணர்வூட்டும் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அதில் ஆணை இருக்கிறது. ராணுவ அதிகாரி ஒன்றிய அரசின் அலுவலர் இல்லையென்றால் வேறு யாருடைய அலுவலர்?

தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எல்லைப் பாதுகாப்புப் படையும் மத்திய ரிசர்வ் போலீசும் விலக்குப் பெற்றிருக்கின்றன. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பாதுகாப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பம் போடலாம். 2018 செப்டம்பருக்குப் பிறகு எந்தெந்தப் பயிற்சி மையத்தில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு இந்தப் பயிற்சி நடந்தது? பாடத்திட்டத்தின் நகல் தருக. அதில் சாதி பற்றிய பகுதி எது? கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அந்தப் 10 ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.